கீலுக்குள் அடங்காத முழங்கை

மூட்டு வலிக்கு நம் ஊரில் வழங்கும் பழைய பெயர் கீல்வாதம். கதவைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புத் துண்டும், உடம்பில் எலும்போடு எலும்பு சேரும் இடமும் தமிழில் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. பள்ளிப் பாடப் புத்தகமும் அதே வழியில் போகிறது: தோள் பந்துக் கிண்ண மூட்டு, முழங்கை கீல் மூட்டு. பரீட்சையில் இந்த விடையை எழுதி மதிப்பெண் வாங்காத மாணவர் அபூர்வம். ஒரே அச்சில் மடங்கும், அதே அச்சில் நீளும், வேறு பக்கம் அசையாது என்பதே அந்த விடையின் பொருள். இது பாதிதான் சரி. மீதிப் பாதியை மறந்துவிட்டதால் வந்த விளைவுகள் சின்னவை அல்ல. உலகின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர் ஒருவர் தன் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சந்தேகத்தின் நிழலில் கழித்தார். அறுவை சிகிச்சையில் பொருத்திய செயற்கை மூட்டுகள் எலும்பிலிருந்து ஆடிக் கழன்றன. அடிபட்ட முழங்கைகள், காப்பாற்ற வழியிருந்தும், இன்றுகூட விறைத்துப்போகின்றன. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரியும் இவற்றுக்கு வேர் ஒன்றுதான்: முழங்கையைப் பார்க்கும்போது நம் கண் ஒரு கீலைப் பார்க்கிறது.

வலது கையை நீட்டி, இடது கை விரல்களால் முழங்கையின் பின்பக்கத்தைத் தடவினால் மூன்று எலும்பு மேடுகள் தட்டுப்படும். உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, நடுவில் முழங்கை முனை. கை நீண்டிருக்கும்போது மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும். தடவியபடியே கையை மடக்கிக்கொண்டு வந்தால் நடுமுனை கீழே இறங்கும். செங்கோணத்தில் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாகிவிடும். விழுந்து முழங்கை வீங்கி வரும் குழந்தையிடம் எலும்பு டாக்டர்கள் தொட்டுத் தேடுபவற்றில் இந்த முக்கோணமும் ஒன்று. மூட்டு நழுவியிருந்தால் முக்கோணம் குலைந்திருக்கும். மூட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தால் அது குலையாமல் அப்படியே இருக்கும். எக்ஸ்ரே கைக்கு வருமுன்பே விரல் நுனிக்குக் கிடைத்துவிடும் செய்தி அது. இதுவரை கீல் உவமை நன்றாகவே வேலை செய்கிறது. மேற்கை எலும்பின் அடிமுனை, நூல் சுற்றும் கட்டையைப் போல நடுவில் இடுங்கியிருக்கிறது. முன்கையின் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னா, ஸ்பேனர் வாயைப் போல அந்தக் கட்டையைக் கவ்விக்கொண்டு சுழல்கிறது.

ஆனால் முன்கையில் இன்னொரு எலும்பு இருக்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பிறகு கவிழ்த்துப் பாருங்கள். பிரசாதம் வாங்க ஏந்திய கை, மாவு தட்டும் கையாகிவிடும். மணிக்கட்டு திரும்பியது போலத் தோன்றினாலும் மணிக்கட்டுக்கு அந்த வேலை தெரியாது. கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸ், அசையாமல் நிற்கும் அல்னாவின் மேல் குறுக்காகச் சாய்ந்து படுப்பதால்தான் கை கவிழ்கிறது. அதன் மேல்முனை முழங்கைக்குள் இருக்கிறது. வெளி மேட்டிலிருந்து ஓரிரு விரற்கடை மணிக்கட்டுப் பக்கமாகத் தள்ளி இடது விரலை அழுத்திக்கொண்டு கையைக் கவிழ்த்து நிமிர்த்தினால், தோலுக்கு அடியில் ஒரு சின்ன வட்டத் தட்டு உருளுவது தெரியும். ரேடியஸின் தலை அது. மோதிரம் போன்ற ஒரு நார் வளையம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கு அந்த வளையத்தின் பிடி தளர்வு. செல்லமாகக் கையைப் பிடித்துச் சுற்றும்போதோ, சாலையைக் கடக்கையில் வெடுக்கென்று இழுக்கும்போதோ தலை வளையத்திலிருந்து பாதி நழுவிவிடும். குழந்தை அழுதுகொண்டே கையைத் தொங்கவிட்டுக்கொள்ளும். பழக்கப்பட்ட டாக்டர் சில நொடிகளில் அதைச் சரிசெய்துவிடுவார். இழுக்காமல் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் அந்த அழுகைக்கே இடமில்லை. ஆக, முழங்கை என்று நாம் சொல்லும் ஒரே உறைக்குள் மூன்று மூட்டுகள் இருக்கின்றன: மேற்கை எலும்போடு அல்னா, மேற்கை எலும்போடு ரேடியஸ், அல்னாவோடு ரேடியஸ். கதவு திறந்துகொண்டே தன் அச்சில் திரும்பவும் செய்தால் அதைத் தாங்கும் பொருளுக்கு நாம் கீல் என்று பெயர் வைத்திருக்க மாட்டோம்.

இந்த இரட்டை வேலையை ஒரே தசை செய்கிறது என்பது இன்னும் அழகு. புஜத்தில் திரளும் பைசெப்ஸ் தசையின் நாண், மடக்கும் எலும்பான அல்னாவில் போய் முடியாமல், திரும்பும் எலும்பான ரேடியஸில் போய் முடிகிறது. அதனால் அது கையை மடக்கும்போதே உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் இழுக்கிறது. வலது கைக்காரர் ஸ்க்ரூவை முடுக்குவதில் காட்டும் பலத்தைக் கழற்றுவதில் காட்ட முடியாததற்குக் காரணம் இதுதான். நாண் பதியும் இடம் மூட்டின் அச்சிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர். உள்ளங்கையோ சுமார் 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி 5 கிலோ காய்கறிப் பையைப் பிடித்திருந்தால், மடக்கும் தசைகள் கிட்டத்தட்ட 35 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். முன்கையின் சொந்த எடை இந்தக் கணக்கில் சேரவில்லை. சிக்கனமாக யோசிக்கும் பொறியாளர் இப்படி ஒரு நெம்புகோலை அமைக்க மாட்டார். ஆனால் பலத்தில் ஏழு மடங்கு இழக்கும் இந்த அமைப்பு, வேகத்தில் ஏழு மடங்கு பெறுகிறது. தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் பாய்கிறது. கல்லெறிய, ஈட்டி வீச, பந்து போட வேண்டியது அந்த வேகம்தான்.

பந்து என்று வந்தால், முழங்கையைப் பற்றிய நம் அறியாமை உலகத்தின் கண்முன் அரங்கேறிய கதையைத் தவிர்க்க முடியாது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில், கண்டியில் பிறந்த இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் வீசிய பந்துகளை நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை நோ-பால் என்று அறிவித்தார். குற்றச்சாட்டு, தெருக் கிரிக்கெட்டில் நம் பையன்கள் ‘மாங்கா’ என்று கூவுவார்களே, அதுதான்: பந்தை வீசவில்லை, எறிகிறார். சட்டம் இந்த இடத்தில் நுட்பமானது. கை மடங்கியிருப்பது குற்றமே அல்ல. கை தோள் உயரத்துக்கு வந்த கணத்திலிருந்து பந்து விரலை விட்டுப் பிரியும் கணம் வரை, மடங்கிய முழங்கை நீளக் கூடாது. அவ்வளவுதான். முரளிதரனின் வலது முழங்கை பிறவியிலேயே முழுதாக நீளாது. எனவே அவர் கை எப்போதும் மடங்கியே தெரியும். அதைப் பார்ப்பவர் கண்ணுக்கு, அது மடங்கியிருக்கிறதா, மடங்கி நீள்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்ல வழி இருந்ததா?

ஒரு குடைக் கம்பியைக் கொஞ்சம் வளைத்து, விளக்குக்கும் சுவருக்கும் நடுவே பிடியுங்கள். கம்பியை அதன் நீள அச்சில் மெல்லத் திருப்பினால் சுவரில் விழும் நிழல் வளையும், நிமிரும், மறுபடி வளையும். கம்பியின் வளைவு ஒரு துளியும் மாறியிருக்காது. மடங்கிய கையோடு தோளை முழு வேகத்தில் திருப்பும் பந்துவீச்சாளரை ஒரு பக்கத்திலிருந்து பார்க்கும் நடுவரும், ஒற்றைக் கேமராவும் பார்ப்பது அந்த நிழலைத்தான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. உள்ளங்கை முன்பக்கம் பார்க்கக் கையைத் தொங்கவிட்டால், யாருக்கும் முன்கை உடம்பை விட்டுச் சற்று வெளியே விலகியே நிற்கும். பெரும்பாலோருக்கு அந்த விலகல் 10 முதல் 15 டிகிரி, பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். நூல்கட்டை போன்ற அந்த எலும்பு முனை நேர்க்கிடையாக இல்லாமல் சாய்வாக இருப்பதால் வரும் கோணம் இது. மடக்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் முன்னாலிருந்து பார்த்தால் மடக்கம் போலவே தெரியும். முரளிதரனைப் பொறுத்தவரை நிலையான மடக்கமும், விலகல் கோணமும், அசாத்தியமாகச் சுழலும் தோளும் மணிக்கட்டும் ஒன்றாகச் சேர்ந்தன. 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் நடந்த ஆய்வுகள், அவர் எறிவதாகத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்ற முடிவுக்கே வந்தன. அதற்குப் பின்னும் 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ராஸ் எமர்சன் அவர் பந்தை நோ-பால் என்று அறிவிக்க, இலங்கை அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க தன் அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். தன் வீரரின் மூட்டை அளந்து பார்த்தவர்கள் சொன்னதை நம்பிய ஒரு தலைவரின் கோபம் அது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

2004இல் அவரது தூஸ்ரா, அதாவது வழக்கமான ஆஃப் ஸ்பின்னுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்து, தனியாகச் சந்தேகத்துக்கு உள்ளானது. இந்த முறை ஆய்வகம் அவருக்குச் சாதகமாக மட்டும் பேசவில்லை. உடம்பில் ஒளி தெறிக்கும் குறிகளை ஒட்டி, பல கேமராக்களால் முப்பரிமாணத்தில் அளந்தபோது, தூஸ்ரா போடுகையில் முழங்கை சராசரியாக 14 டிகிரி நீள்வது தெரிந்தது. திருத்தப் பயிற்சிக்குப் பிறகு 10 டிகிரி அளவுக்கு இறங்கியது. அன்றைய விதி சுழற்பந்துக்காரர்களுக்கு 5 டிகிரி, மிதவேகத்துக்கு 7.5, வேகப்பந்துக்கு 10 என்று அனுமதித்திருந்தது. ஆக, அவர் விதியை மீறியது உண்மை. அதே ஆண்டு இங்கிலாந்தில் அவர் எஃகு பதித்த கெட்டியான பட்டையை முழங்கையில் மாட்டி, மூட்டு நீளவே முடியாத நிலையில் தொலைக்காட்சிக் கேமரா முன் வீசினார். வழக்கமான ஆஃப் ஸ்பின்னும் தூஸ்ராவும் அப்போதும் திரும்பின. பந்தைத் திருப்பியவை தோளும் மணிக்கட்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் சாம்பியன்ஸ் டிராபி போட்டிகளில் பந்துவீச்சாளர்களை அதிவேகக் கேமராவால் படமெடுத்து ஆராய்ந்தபோது வந்த முடிவுதான் கிரிக்கெட்டை உலுக்கியது. ஏறக்குறைய எல்லோருடைய முழங்கையும் கொஞ்சமாவது நீண்டது. சுத்தமான வீச்சுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்ட வேகப்பந்து வீரர்களும் 10 டிகிரியைத் தாண்டினார்கள். கீலை ஒரு திசையில் பூட்டிவைக்கலாம். இத்தனை வேகத்தில் சுழலும் கையில், முன்கையின் எடையே அதை வெளிநோக்கி இழுத்து மூட்டை நிமிர்த்துகிறது. வீசுபவரின் விருப்பத்தைக் கேட்டு அது நடப்பதில்லை. முன்னாள் வீரர்கள் மைக்கேல் ஹோல்டிங், அரவிந்த டி சில்வா உள்ளிட்டோர் இருந்த குழு, எல்லோருக்கும் பொதுவாக 15 டிகிரி என்று பரிந்துரைத்தது. 2005 மார்ச் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஒரு மனிதருக்காகச் சட்டத்தை வளைத்தார்கள் என்று அன்று சொன்னவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இந்த ஆட்சேபத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. சர்ச்சை அவரைச் சுற்றித்தான் எழுந்தது. அவர் மீறிய வரம்புதான் உயர்ந்தது. ஆனால் பழைய வரம்பை அப்படியே வைத்திருந்தால் மைதானத்தை விட்டு முதலில் வெளியேறியிருக்க வேண்டியவர்கள் யாருமே சந்தேகிக்காத வேகப்பந்து வீரர்கள். சுழற்பந்துக்காரருக்கு 5 என்று குறைத்து வைத்ததன் பின்னால், மெதுவாக வரும் பந்துக்குக் கையும் மெதுவாகத்தான் சுற்றும் என்ற அனுமானம் இருந்தது. முரளிதரனின் கை வேகம் வேகப்பந்து வீரர்களுக்குச் சளைத்ததல்ல என்று அளந்தவர்கள் கண்டார்கள். 15 என்ற எண்ணும் யாருக்கோ சலுகையாகப் பிறந்ததல்ல. ஏறத்தாழ அந்த அளவைத் தாண்டினால்தான் முழங்கை நீள்வதை வெறும் கண்ணால் பார்க்க முடிகிறது என்பது அதன் அடிப்படை. அந்த வரம்பு ஓட்டையான வேலியும் அல்ல. 2014இல் பாகிஸ்தானின் சயீத் அஜ்மல், இலங்கையின் சசித்ர சேனாநாயக்க போன்றோர் அதே 15 டிகிரியால் தடைபட்டார்கள். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: ஆய்வகத்தில் ஒருவர் ஒழுங்காக வீசிக் காட்டலாம், ஆட்டத்தின் நெருக்கடியில் கை என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? இதற்கு முழு விடை இல்லை. ஆய்வக வீச்சை ஆட்டத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஓரளவு உதவுகிறது. அளவீட்டில் இருக்கும் குறை, அளவே இல்லாத கண்ணிடம் தீர்ப்பைத் திருப்பிக் கொடுப்பதற்குக் காரணமாகாது என்பதே என் பதில். 2010 ஜூலையில் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு அவர் ஓய்வு பெற்றார். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் எட்டவில்லை.

முழங்கைக்கும் கீலுக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது என்றால், உண்மையான கீலையே உடம்புக்குள் வைத்துப் பார்த்தவர்களுக்கு என்ன ஆனது? 1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோய் அரித்த முழங்கால் மூட்டை எடுத்துவிட்டு யானைத் தந்தத்தில் செய்த கீலைப் பொருத்தினார். அந்த முயற்சி தோற்றதற்கு முக்கியக் காரணம் கிருமித் தொற்று. கீலின் மேல் முழுப் பழியும் போடக் கூடாது. 1950களில் சுவீடனின் வால்டியஸ் வடிவமைத்ததைப் போன்ற கீல்கள் வந்த பிறகுதான் கீலின் சொந்தக் குறை வெளிப்பட்டது. முழங்கால் மடங்கும்போது தொடை எலும்பின் முனை சக்கரம் போல உருளுகிறது. உருள மட்டும் செய்தால், கீழே இருக்கும் சின்ன மேடையின் பின்விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். அதனால் சேற்றில் சுழலும் வண்டிச் சக்கரம் போல உருண்டுகொண்டே வழுக்கவும் செய்கிறது. கால் முழுதாக நீளும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு சில டிகிரி வெளிப்பக்கம் திரும்பி மூட்டைப் பூட்டுகிறது. நீண்ட நேரம் நின்றாலும் தொடைத் தசை ஓய்வாக இருக்க முடிவது இதனால்தான். இரும்புக் கீல் இந்தத் திருப்பத்துக்கு இடம் தராது. திரும்ப முடியாத விசை எங்காவது போக வேண்டும்; அது கீலை எலும்பில் பிணைத்த இடத்துக்குப் போய், வருடக்கணக்கில் அசைத்து அசைத்துத் தளர்த்திவிட்டது. ஜெர்மனியின் வில்ஹெல்ம், எடுவார்ட் வெபர் சகோதரர்கள் இந்த உருளலையும் வழுக்கலையும் 1836லேயே எழுதிவிட்டார்கள். அந்த அறிவை ஏற்று, கீலை விட்டுவிட்டு எலும்பு முனைகளுக்கு மட்டும் புது மேற்பரப்பு போடும் வழிக்கு அறுவை மருத்துவர் ஃபிராங்க் கன்ஸ்டன் போன்றோர் வந்து சேர 1960களின் இறுதி ஆனது.

முழங்கால் சிக்கலானது, சரி. முழங்கை உண்மையிலேயே கீலுக்கு நெருக்கமானதுதானே, பிள்ளைகளுக்குப் புரிய வைக்க அந்த உவமை போதாதா என்று கேட்கலாம். மடக்கும் மூட்டை மட்டும் தனியே எடுத்தால் அது கீலுக்கு மிக நெருங்கி வருவது மெய். மடங்கும்போது அதன் அச்சு ஒரு சில டிகிரிதான் அலைகிறது. அந்தச் சில டிகிரியைத்தான் 1970களின் முழங்கைக் கீல்கள் மறுத்தன. அவையும் எலும்பிலிருந்து தளர்ந்தன. அமெரிக்காவின் ரால்ஃப் கூன்ராட் தன் இறுக்கமான கீலை மாற்றி, பக்கவாட்டில் சில டிகிரி ஆட விட்டார். மேயோ கிளினிக்கின் பெர்னார்ட் மோரி அதை மேலும் திருத்தினார். தொழிலில் ‘ஆட்டம்’ என்பது குறை. நம் மெக்கானிக்குகள் பேரிங்கில் ஆட்டம் வந்துவிட்டது என்றால் மாற்றச் சொல்வார்கள். இங்கே அந்த ஆட்டத்தைத் திட்டமிட்டுச் செய்ததால்தான் செயற்கை முழங்கை நிலைத்தது. அப்படியும் அதைப் பொருத்திக்கொண்டவர் வாழ்நாள் முழுதும் அந்தக் கையால் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை. ஒரு குடம் தண்ணீர் அதற்கு அதிகம். இத்தனைக்குப் பிறகும் உடம்பு கொடுத்த மூட்டுக்குச் சமமாக ஒன்றை நம்மால் செய்ய முடியவில்லை. பிள்ளைகளுக்குக் கீல் என்றே தொடங்குவோம். அடுத்த வரியிலேயே, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார், கீல் இதைச் செய்யுமா என்று கேட்டுவிட்டால் பாடம் முழுமையாகிவிடும்.

கீல் உவமையின் மிக மோசமான பிழை வடிவத்தில் இல்லை. கீல் உயிரற்றது. பயன்படுத்தாமல் வைத்தால் தேயாது. அதிகபட்சம் துரு ஏறும், எண்ணெய் விட்டால் போயிற்று. மூட்டு இதற்கு நேர்மாறு. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள, நீர் நிறைந்த வழவழப்பான பூச்சு. ஆரோக்கியமான மூட்டில் அதன் உராய்வு பனிக்கட்டி மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைவு. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. பஞ்சை அழுத்தி விடுவது போல, அசைவுதான் அந்தத் திரவத்தை உள்ளே செலுத்தி வெளியே எடுக்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது. டொரன்டோவின் அறுவை மருத்துவர் ராபர்ட் சால்ட்டர், முயல்களின் முழங்கால் குருத்தெலும்பில் சின்னத் துளைகள் இட்டு, சிலவற்றைக் கட்டிப்போட்டார், சிலவற்றை இயந்திரத்தில் வைத்து மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தார். 1980இல் அவர் குழு வெளியிட்ட முடிவில், அசைந்த மூட்டுகளின் துளைகள் மற்றவற்றைவிடத் தெளிவாக நன்றாக ஆறியிருந்தன. ஓய்வே மருந்து என்று நூற்றாண்டுகளாக நம்பியதற்கு அது நேரடியான மறுப்பு.

எலும்பு முறிந்தவனைக் கட்டுப் போடாமல் ஆட்டச் சொல்வதா என்று கேட்பவர்கள் தவறாகக் கேட்கவில்லை. முறிந்த முனைகள் அசையாமல் இருந்தால்தான் ஒட்டும். எலும்புக்கு வேண்டியது அசையாமை, மூட்டுக்கு வேண்டியது அசைவு, இரண்டும் ஒரே இடத்தில் கேட்கப்படுகின்றன. முழங்கை முறிவின் சங்கடமே இதுதான். தகடும் ஸ்க்ரூவும் வைத்து எலும்பை உறுதியாக நிறுத்திவிட்டு, சில நாட்களிலேயே மூட்டை அசைக்கத் தொடங்குவதை இன்றைய சிகிச்சை விரும்புவது, இரண்டு கோரிக்கைகளையும் ஒன்றாக நிறைவேற்றத்தான். பெரியவர்களின் முழங்கையை மாவுக்கட்டிலேயே நெடுநாள் விட்டுவைத்தால், பல நேரங்களில் எலும்பு கூடிவிடும், மூட்டு கூடாது. மூட்டைச் சுற்றிய உறை இதில் முக்கியப் பாத்திரம். ஆரோக்கியமான முழங்கையின் உறைக்குள் சுமார் 23 மில்லிலிட்டர் திரவம் கொள்ளும். கை 80 டிகிரி அளவில் மடங்கியிருக்கும்போதுதான் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. அதனால்தான் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டியவர் சொல்லிக்கொடுக்காமலே முழங்கையை அரைவாசி மடக்கி மார்போடு அணைத்துக்கொள்கிறார். அந்த நிலையிலேயே வாரக்கணக்கில் இருந்தால் உறை தடித்துச் சுருங்கும். விறைத்த முழங்கைகளில் கொள்ளளவு 6 மில்லிலிட்டர் அளவுக்கு இறங்கியிருப்பதை அளந்திருக்கிறார்கள்.

அசைவு நல்லது என்றதும் நம் ஊரில் நீவுபவரிடம் போய்விடுகிறார்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. அடிபட்ட முழங்கையில் எண்ணெய் போட்டு நீவி, விறைப்பை உடைக்கிறேன் என்று வலுக்கட்டாயமாக மடக்கி நீட்டினால், மூட்டின் முன்புறத் தசைக்குள் ரத்தம் கசிந்த இடத்தில் புதிதாக எலும்பு விளைந்துவிடக்கூடும். துரு ஏறிய கீலை உடைத்துத் திறப்பது போன்ற இந்த வைத்தியத்தால் கதவு நிரந்தரமாகச் சாத்திக்கொள்கிறது. குழந்தைகளுக்கு மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது இன்னும் ஆபத்து. முழங்கைக்கு முன்னால் ஓடும் ரத்தக்குழாய் நசுங்கி, முன்கைத் தசைகள் செத்து, விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மன் 1881லேயே விவரித்த ஊனம் இது. கட்டுப்போட்ட குழந்தை விரலை நீட்டினாலே கதறினால், விரல் வெளுத்தால், மரத்துப்போனால், விடியட்டும் என்று காத்திருக்க நேரமில்லை; அந்தக் கணமே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூட்டுக்கு வேண்டிய அசைவு நோயாளி தன் தசையால் தானே செய்யும் அசைவு. வலியின் எல்லைக்குள், நாளுக்குப் பல முறை, கொஞ்சம் கொஞ்சமாக.

எவ்வளவு அசைவு திரும்பினால் போதும்? ஆரோக்கியமான முழங்கை, நேராக நீண்ட நிலையை பூஜ்யமாகக் கொண்டால் 140 டிகிரி வரையிலும் அதற்குச் சற்று மேலும் மடங்கும். மோரியின் குழு 1981இல் அன்றாட வேலைகளின்போது முழங்கையை அளந்து, பெரும்பாலானவற்றுக்கு 30 முதல் 130 டிகிரி வரை போதும் என்றது. உள்ளங்கையை நிமிர்த்தவும் கவிழ்க்கவும் தலா 50 டிகிரி. 2011இல் வேறொரு குழு அளந்தபோது, கைபேசியைக் காதுக்குக் கொண்டுபோக 140ஐத் தாண்டி மடக்க வேண்டியிருந்தது. நீட்டலில் 30 டிகிரி போனாலும் வாழ்க்கை பெரிதாக நிற்பதில்லை. முழுதாக நீளாத ஒரு கை 800 விக்கெட் எடுத்திருக்கிறது. மடக்கத்தில் அதே 30 டிகிரி போனால் சோற்றுக் கவளம் உதட்டுக்கு முன்னால் நின்றுவிடும். தலையைக் குனிந்து கைக்குக் கொண்டுபோனால்தான் சாப்பிட முடியும். சட்டையின் மேல் பொத்தானுக்கு வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அதனால் கோணமானியை எடுத்து டிகிரியைக் குறிக்குமுன் பிசியோதெரபிஸ்ட் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கை வாய்க்கு எட்டுகிறதா?